விரலில் 99 காட்டியது, பிறகு ஏன் மூச்சு வாங்கியது?



இந்த மாதச் சுவர் இதழுக்கு "இரத்தம் உடல் முழுவதும் ஆக்சிஜனை எப்படிக் கொண்டு போகிறது?" என்ற தலைப்பை அறிவியல் மிஸ் என்னிடம் கொடுத்தார்கள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே காப்பி அடித்து எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன்னா போன மாசம் வந்த பக்கத்தை நானே படிக்கல. (எழுதியவள் என் ஃபிரண்டுதான், மன்னித்துவிடு!) அதனால் எனக்கே நடந்த ஒரு விஷயத்தை வைத்து எழுதுகிறேன்.

போன வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. காலையில் பிரேயரில் நின்றுகொண்டிருந்தேன். உறுதிமொழி பாதி சொல்லும்போதே கண் முன்னாடி பூச்சி பறந்தது. அப்புறம் தரையில் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எல்லோரும் "காலையில சாப்பிடலையாடி?" என்றுதான் கேட்டார்கள். நான் மூணு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். முதல் பீரியடிலேயே தூக்கம் வரும். "போனைப் பார்த்துக்கிட்டே ராத்திரி முழிச்சிருக்கா" என்று வீட்டில் திட்டு விழுந்தது. அது பாதி உண்மை என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா பீரோவிலிருந்து ஒரு சின்ன கருவியை எடுத்தார்கள். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது அப்பா திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் அலைந்து வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர். துணி கிளிப் மாதிரி விரலில் மாட்டுவோமே, அதேதான். அப்போது 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். என் விரலில் மாட்டினார்கள். 99 என்று காட்டியது!

"ஒண்ணும் இல்ல, 99 இருக்கு. பாஸ் மார்க்குக்கு மேலேயே இருக்கு" என்று அப்பா சிரித்தார். ஆயா மட்டும் ஒத்துக்கவில்லை. "புள்ள மூஞ்சி வெளுத்துப் போய்க் கிடக்கு, அந்த டப்பா என்னாத்த கண்டுச்சி?" என்றார்கள். ஆயா சொன்னதுதான் சரி என்று மறுநாள் தெரிந்தது.

எங்க அப்பா விழுப்புரம் – திண்டிவனம் ரூட்டில் பஸ் கண்டக்டர். மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். என்னை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் அக்கா ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்கள். உள்பக்கம் செக்கச்செவேலென்று இருக்க வேண்டுமாம். எனக்கு வெள்ளை வேட்டி மாதிரி இருந்திருக்கிறது. நாக்கு, நகம், உள்ளங்கை எல்லாம் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. என் வயசுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் அது கடுமையான இரத்தசோகை. அதற்கு ஒரு நூலிழை மேலே நின்றிருக்கிறேன்.

அப்பாவுக்குத்தான் நம்பவே முடியவில்லை. "மேடம், நேத்து ஆக்சிஜன் 99 காட்டுச்சே?" என்று கேட்டார். டாக்டர் அக்கா, "சார், அது எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு காட்டாது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பி இருக்குன்னுதான் காட்டும்" என்றார்கள். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "புரிஞ்சுடுச்சு மேடம். வர்ற பஸ்ஸெல்லாம் ஃபுல்லாத்தான் வருது. ஆனா பஸ்ஸே கம்மி. கூட்டேரிப்பட்டுல கூட்டம் அப்படியே நிக்குது. அதானே?" என்றார். டாக்டர் அக்கா "இதைவிட நல்லா என்னாலேயே சொல்ல முடியாது" என்று சிரித்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க அப்பாவின் பஸ்ஸை வைத்துத்தான் விளக்கப்போகிறேன். ஏறுங்கள், போகலாம்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அது மூக்கு, மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மிக மெல்லிய இரத்தத் தந்துகிகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆக்சிஜன் அந்தச் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் வந்துவிடும். இதுதான் பஸ் ஸ்டாண்டு.

இங்கே ஒரு கேள்வி. சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்சிஜனும் இரத்தத்தில் கரைந்து போய்விடலாமே, ஹீமோகுளோபின் எதற்கு? நானும் இதையே மிஸ்ஸிடம் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார் என்றார்கள். 100 மில்லி இரத்தத்தில் கரைந்த நிலையில் இருக்கக்கூடிய ஆக்சிஜன் வெறும் 0.3 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். அப்படியென்றால் கரைந்ததை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் இரத்தத்தை அடித்துத் தள்ள வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஐந்து குடத்துக்கும் மேல்! உண்மையில் ஓய்வாக இருக்கும்போது இதயம் தள்ளுவது நிமிடத்துக்கு 5 லிட்டர்தான். மீதி வேலையைச் செய்வது ஹீமோகுளோபின். அது இருப்பதால் அதே 100 மில்லி இரத்தம் 20 மில்லி வரை ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும். நடந்து போவதற்கும் பஸ்ஸில் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

நம்ம பஸ்ஸின் பெயர் இரத்தச் சிவப்பணு. நடுவில் குழி விழுந்த தட்டு மாதிரி இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் (ஒரு கடுகு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு சீட்டு. ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் ஒரே ஒரு இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காருவது அந்த இரும்பின் மேல்தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு சிவப்பணுவில் நூறு கோடி சீட்டுக்கு மேல் வருகிறது. எங்க அப்பா பஸ்ஸில் 55-தான்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டத்தில் என்ன நடக்கும்? முதலில் ஏறினவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, துண்டைப் போட்டு மூணு பேருக்கு இடம் பிடித்து வைப்பார். பின்னாடி வருபவர்கள் சுலபமாக வந்து உட்காருவார்கள். ஹீமோகுளோபினிலும் அதேதான்! முதல் ஆக்சிஜன் உட்காருவதுதான் கஷ்டம். அது உட்கார்ந்தவுடன் ஹீமோகுளோபின் தன் உருவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். அதனால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆக்சிஜன் மளமளவென்று ஏறிவிடும். இறங்கும்போதும் அப்படியே, ஒருவர் இறங்கினால் மற்றவர்களுக்கும் இறங்குவது எளிது. இந்த மூலக்கூறின் உருவத்தைக் கண்டுபிடிக்க மாக்ஸ் பெருட்ஸ் என்ற விஞ்ஞானி கேம்பிரிட்ஜில் 1937-ல் ஆரம்பித்து, 1959-ல்தான் முடித்தார். 22 வருஷம்! 1962-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் ஒரு கணக்குக்கு 22 நிமிஷம் உட்கார மாட்டேன்.

சரி, ஏறியாச்சு. எங்கே இறங்க வேண்டும் என்று ஆக்சிஜனுக்கு யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்வதில்லை. ஓடும்போது கால் தசை கடுமையாக வேலை செய்கிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு அதிகமாகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, சூடும் ஏறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்துவிடும். ஆக்சிஜன் அங்கேயே அதிகமாக இறங்கும். வேலை இல்லாத இடத்தில் குறைவாக இறங்கும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். இதை 1904-ல் எழுதியவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? வேதியியலில் நாம் வட்டம் வட்டமாக வரைகிறோமே போர் அணு மாதிரி, அந்த நீல்ஸ் போரின் அப்பா இவர்தான்.

இன்னொரு விஷயம். பஸ் கடைசி ஸ்டாப்பில் காலியாகத் திரும்பும் என்று நினைக்காதீர்கள். ஓய்வாக இருக்கும்போது நான்கு ஆக்சிஜனில் ஒன்றுதான் இறங்குகிறது. மீதி மூன்று சீட்டிலேயே உட்கார்ந்து திரும்பி வருகிறது. அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் இருப்பு அது. ஓட்டப்பந்தயத்தில் ஓடும்போது தசை அந்த இருப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும் வழியில் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. அதில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறி இரத்தத் திரவத்திலேயே வந்துவிடும். கொஞ்சம்தான் ஹீமோகுளோபினில் தொற்றிக்கொண்டு வரும். அதுவும் இரும்பு சீட்டில் உட்காராது, வேறு இடத்தில் தொங்கிக்கொண்டு வரும், ஃபுட்போர்டு மாதிரி.

அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன்: "அப்பா, சிவப்பணு இவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்குதே, அதில் ஒண்ணைக்கூடத் தனக்காக எடுத்துக்காது." உண்மைதான். ஆக்சிஜனை எரித்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவில் கிடையாது. உட்கருவும் கிடையாது. எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு முழு இடத்தையும் ஹீமோகுளோபினுக்கே கொடுத்துவிட்டது. ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்துத் தன் வயிற்றைக் கழுவிக்கொள்கிறது. அப்பா தன் தோல் பையைத் தட்டிக் காட்டினார். "நானும் அப்படித்தான். சாயங்காலம் வரைக்கும் பையில ஆயிரக்கணக்குல பணம் இருக்கும். ஒரு டீ குடிக்க அதிலிருந்து எடுக்க முடியாது" என்றார்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். தமனியைச் சிவப்பு ஸ்கெட்சிலும் சிரையை நீல ஸ்கெட்சிலும் வரைந்திருக்கிறேன். ஆனால் நம் உடலில் நீல இரத்தம் எங்கேயும் கிடையாது! ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, இறங்கிய இரத்தம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். கையில் நரம்பு நீலமாகத் தெரிவது தோல் வழியாக வெளிச்சம் போய்வருவதால் ஏற்படும் தோற்றம். நிஜமாகவே நீல இரத்தம் பார்க்க வேண்டும் என்றால் மரக்காணம் பக்கம் மீன் வாங்கப் போகும்போது நண்டைப் பாருங்கள். நண்டுக்கும் இறாலுக்கும் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, செம்பு. அந்தப் பொருளின் பெயர் ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் அது நீலமாகும். நண்டு உயிரோடு இருக்கும்போது கால் உடைந்தால் இலேசான நீல நீர் வரும். குழம்பில் கொதித்த பிறகு தேடாதீர்கள்.

இந்த நிற வித்தியாசத்தை வைத்துத்தான் எங்க வீட்டு பல்ஸ் ஆக்சிமீட்டர் வேலை செய்கிறது. அதற்குள் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு ஒளி, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இரண்டும் விரலைத் துளைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விட்டுவிடும், அகச்சிவப்பை அதிகம் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாதது இதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒப்பிட்டு, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவி ஒரு சதவீதம் சொல்கிறது. நாடித் துடிப்பை வைத்து அளக்கும் இந்த யோசனையை ஜப்பானில் டாகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1974-ல் கொண்டுவந்தார். கொரோனாவால் உலகமே இந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். (விரலில் நெயில் பாலிஷ், மருதாணி இருந்தால் தப்பாகக் காட்டலாம். வேறு விரலில் போட்டுப் பாருங்கள்.)

இப்போது என் 99-க்கு வருவோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுசாக நிரம்பினால் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜன் பிடிக்கும். 12 கிராம் இருக்கிற பெண்ணுக்கு 100 மில்லி இரத்தத்தில் 16 மில்லி ஆக்சிஜன். எனக்கு 8.1 கிராம், ஆகவே 11 மில்லிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு காணோம்! ஆனால் என்னுடைய நுரையீரல் நன்றாக இருந்தது, காற்று நன்றாக இருந்தது. அதனால் இருந்த சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது. கருவி என்ன செய்யும் பாவம், 100 சீட்டுக்கு 99 நிரம்பியிருக்கு என்றது. மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

பஸ் குறைந்தால் டிப்போவில் என்ன செய்வார்கள்? இருக்கிற பஸ்ஸையே அதிக நடை ஓட்டுவார்கள். இதயமும் அதைத்தான் செய்கிறது. என் நெஞ்சு படபடவென்று அடித்ததற்குக் காரணம் அதுதான். பயமும் இல்லை, பேயும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடும். மாடி ஏறினால், வெயிலில் வெகு நேரம் நின்றால் சமாளிக்க முடியாது.

நடுவில் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம்ம பக்கம் பல இடங்களில் கரண்ட் இல்லை. எங்க சித்தப்பா வீட்டில் ஈரத்துணி காயட்டும் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சித்திக்குத் தலைவலி, குமட்டல். பக்கத்து வீட்டு ஆயா வந்து, "ஏன்டா, அறிவு கீதா? கதவைத் தொறடா!" என்று கத்தித் திறந்ததால் தப்பித்தார்கள். கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அந்த இரும்பு சீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஏறினால் இறங்காது. இதில் மோசம் என்னவென்றால் அந்த நேரத்தில் ஆக்சிமீட்டர் போட்டால் அதையும் ஆக்சிஜன் என்று நினைத்து நல்ல நம்பரே காட்டும். கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டையும் அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது.

இனி பஸ் எங்கே தயாராகிறது என்று பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் 120 நாள் ஓடும். தந்துகி சில இடங்களில் சிவப்பணுவைவிடக் குறுகல். உடம்பை மடக்கி நெளிந்து நெளிந்து போய்ப் போய் அது தேய்ந்துவிடும். கிழடானவற்றை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து உடைத்துவிடும். ஆனால் இரும்பைத் தூக்கி எறியாது. காயலான் கடைக்காரர் மாதிரி பிரித்து எடுத்து மறுபடி மஜ்ஜைக்கே அனுப்பிவிடும். ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தமே 3 அல்லது 4 கிராம் இரும்புதான். ஒரு சின்ன ஆணி! தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் பழைய இரும்பு இப்படித் திரும்பக் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சிக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான்.

இப்போது ஒரு விஷயம் விளங்கும். கறிக்கடையில் "சுவரொட்டி குடுங்க, புள்ளைக்கு இரத்தம் ஊறும்" என்று பெரியவர்கள் கேட்பார்கள். (நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தச் சுவரொட்டி இல்லை, இதைத் தின்ன முடியாது.) சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஆடு தன் பழைய சிவப்பணுவை உடைத்து இரும்பைச் சேர்த்து வைக்கும் இடமே அதுதான்! பெரியவர்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் பீட்ரூட் விஷயத்தில் ஏமாந்துவிட்டோம். அது சிவப்பாக இருப்பதற்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, அந்தச் சாயம் வேறு.

ஒன்று இரண்டு மில்லிகிராம்தானே, எப்படியும் வந்துவிடுமே என்று கேட்கலாம். செலவைப் பாருங்கள். பெண்களுக்கு மாதாமாதம் இரத்தம் போகிறது, அதோடு இரும்பும் போகிறது. வளரும் வயதில் உடம்பு பெரிதாகப் பெரிதாகப் புது இரத்தம் வேண்டும். வெறுங்காலில் அசுத்தமான மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் சப்பிச் சாப்பிடச் சொல்லித் தரும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்காகத்தான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்பு குடலில் சேராமல் போய்விடும். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, சுண்டல் எதுவானாலும் கூட ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

டாக்டர் அக்கா என்னிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். "பச்சரிசி திம்பியா பாப்பா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அம்மாவுக்குத் தெரியாமல் அரிசி டப்பாவில் கை விடுவது என் பழக்கம். "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று ஆயா திட்டுவார்கள். இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு அரிசி, சிலேட்டுக்குச்சி, சாக்பீஸ், சாம்பல், ஐஸ் இதெல்லாம் தின்னத் தோன்றுமாம். அது திமிர் இல்லை, ஒரு அறிகுறி. (நம் வகுப்பில் சாக்பீஸ் அடிக்கடி காணாமல் போகிறது. நான் யாரையும் சொல்லவில்லை.)

அடுத்த கேள்விக்குத்தான் நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஸ்கூல்ல வியாழக்கிழமை நீல மாத்திரை குடுப்பாங்களே, சாப்பிடுறியா?"

நான் சாப்பிடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாங்கியதில் பாதியை நாக்குக்கு அடியில் ஒளித்து, கை கழுவும் இடத்தில் துப்பியிருக்கிறேன். அங்கே வியாழக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் நான் மட்டும் இல்லை என்பது தெரியும், தண்ணீர் நீலமாக ஓடும். அந்த மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வரும், கறுப்பாக மலம் போகும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று எனக்கு ஒரு அக்கா சொல்லியிருந்தாள். மூன்றையும் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும், அதனால்தான் சத்துணவுக்குப் பிறகு தருகிறார்கள். கறுப்பாகப் போவது உண்மை, உடம்பில் சேராத இரும்பு வெளியே போகிறது, கெடுதல் இல்லை. மூன்றாவது சுத்தப் பொய்.

ஒரு நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வாரம் ஒன்றுதான். நிறையச் சாப்பிட்டால் சீக்கிரம் இரத்தம் ஊறும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2023 மார்ச்சில் ஊட்டியில் எட்டாம் வகுப்பு மாணவிகள் விளையாட்டாகப் பந்தயம் வைத்து இந்த இரும்பு மாத்திரைகளை அள்ளிச் சாப்பிட்டார்கள். அதில் ஒரு மாணவி இறந்தே போனாள். நம் வயதுதான் அவளுக்கும். அளவுக்கு மேல் இரும்பு கல்லீரலை அழித்துவிடும். எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதும் இல்லை. பி12 குறைவு, பரம்பரைக் காரணம் எல்லாம் உண்டு. அதனால் டெஸ்ட் பண்ணாமல் நாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

எனக்கு டாக்டர் தினமும் சாப்பிடும்படி மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏன் மூன்று மாதம் என்று யோசியுங்கள், 120 நாள் கணக்கு மேலே இருக்கிறது. ஒரு மாதத்திலேயே மாடி ஏறுவது சுலபமானது. மூன்று மாதம் முடிந்து பார்த்தபோது 11.6. ஆக்சிமீட்டரில் போட்டுப் பார்த்தேன். அன்றும் அதே 99-தான்!

2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. பையன்கள் சிரிக்க வேண்டாம், ஆண்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நம் பிரேயர் வரிசையில் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்தேன், மனசுக்கு என்னவோ போலிருந்தது. எங்க அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தோம். 9.4. இத்தனை வருஷமாக "வயசாச்சு, அதான் அசதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 38 வயசு. இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா டிக்கெட் கேட்கிற மாதிரி "மாத்திரை, மாத்திரை, மாத்திரை போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார்.

வரும் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எங்க வீட்டு ஆக்சிமீட்டரை லேபுக்குக் கொண்டு வருகிறேன். மிஸ் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். விரல் மாட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறது, யாராவது சின்ன பேட்டரி இரண்டு கொண்டு வந்தால் நல்லது. கீழ் இமையைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி போதும்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி